இடது பக்கத்து பிரேக்

எட்டே முக்காலுக்கு அம்மா, அப்பா, மகள் மூவரும் காரில் ஏறினார்கள். பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்து கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதற்குப் பிறகு யார் வந்தாலும் திறப்பதில்லை. மற்ற நாட்களில் அங்கே போகப் பன்னிரண்டு நிமிடம் ஆகும்.

மூன்று நாளாக மழை. ஏரியைத் திறந்துவிட்டதாக விடிகாலையில் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனார்கள். தேர்வைத் தள்ளிவைப்பார்கள் என்று எட்டு மணி வரை செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிகளுக்கு மட்டும் தள்ளிவைத்தார்கள். இந்தப் பக்கம் நடக்கும்.

மகளுக்கு அன்று கணக்குத் தேர்வு. போன வருடம் இதே தேர்வு நாளில் மஞ்சள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஒரு பரீட்சையை விட்டால் வருடமே போய்விடும். போயிற்று. கூடப் படித்தவர்கள் மேல் வகுப்புக்குப் போனார்கள். மகள் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதே பாடங்களை மறுபடி படித்தாள். "இந்தத் தடவையும் போச்சுன்னா நான் அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கமே போகமாட்டேன்" என்று நேற்று சாப்பிடும்போது சொன்னாள். அழாமல் சொன்னாள்.

அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பதினான்கு வருடம். சுற்று வட்டாரத்தில் எல்லோருக்கும் டிரைவிங் அக்கா. காரும் அந்த வேலைக்கான கார். இடது இருக்கையின் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். ஆக்ஸிலேட்டர் கிடையாது. கற்றுக்கொடுப்பவருக்கு வண்டியை நிறுத்த முடிந்தால் போதும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் லைசென்ஸ் ஆபீஸ் படியில் வழுக்கி விழுந்தாள். வலது கணுக்கால் முறிந்தது. முழங்கால் வரை மாவுக்கட்டு. அதனால் இன்று ஓட்டுவது கணவன்.

அவன் தையல்காரன். திரைச்சீலையும் சோபா உறையும் தைப்பவன். எட்டு வருடத்துக்கு முன்னால் அவளிடமே பழகி லைசென்ஸ் எடுத்தான். மூன்றாவது தடவையில். அவள் பழக்கிய தொள்ளாயிரம் பேரில் மூன்று தடவை போனவர்கள் இரண்டே பேர். "ஒருத்தருக்குக் கண்ணுல புரை. இன்னொருத்தர் எங்க வீட்டுக்காரர்" என்று புதிதாகச் சேர்கிறவர்களிடம் சொல்வாள். அவன் ஒரே வேகத்தில் ஓட்டுவான். "திரைச்சீலை தைக்கிற மாதிரி. போய்ச் சேர்றதுக்குள்ள தலை நரைச்சிடும்."

அவன் இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டான். கண்ணாடியைத் திருப்பினான்.

"மேல இருக்கிற எல் போர்டக் கழட்டலையா?" பின்னால் இருந்து மகள் கேட்டாள்.

"எதுக்கு?"

"யாராவது பார்த்தா சிரிப்பாங்கப்பா."

"சிரிச்சிட்டு வழி விடுவாங்கல்ல" என்றாள் அம்மா. "போங்க. முதல் கியர்."

"தெரியும்."

வீட்டு வாசலில் தண்ணீர் செருப்பு நனையும் அளவுதான். தெரு முனையில் கணுக்கால் வரை வந்தது. அவன் திரும்பினான். வண்டி சட்டென்று தயங்கியது.

"நீயா மிதிச்ச?"

"வேகமாத் திருப்பினீங்க."

"இருபதுல போயிட்டிருந்தேன்."

"திருப்பத்துல அது வேகம்தான்."

"சண்டைய சாயங்காலம் வச்சுக்கலாம்மா" என்றாள் மகள். "எட்டு அம்பத்தொண்ணு."

மணி சொல்லும் வேலையை மகள் எடுத்துக்கொண்டிருந்தாள். மடியில் பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஹால் டிக்கெட், இரண்டு பேனா, ஸ்கேல், காம்பஸ் டப்பா. உறையின் வாயை ரப்பர் பாண்டு போட்டுக் கட்டியிருந்தாள்.

ரயில் பாலத்துக்கு முன்னால் ஒரு போலீஸ்காரர் ரெயின்கோட்டோடு நின்றார். பாலத்துக்கு அடியில் சாலை இல்லை. குளம் இருந்தது. அதன் நடுவில் ஒரு லாரியின் கூரை தெரிந்தது.

"திருப்புங்க, திருப்புங்க."

"பள்ளிக்கூடம் போகணும் சார். பரீட்சை" என்றான் அவன்.

"எனக்கு மட்டும் ஆசையா? என் பையனும் எழுதறான். விடியறதுக்கு முன்னாடியே கொண்டுபோய் விட்டுட்டேன்." அவர் குனிந்து உள்ளே பார்த்தார். "உள் தெரு வழியாப் பாருங்க. உங்க வீட்டம்மாவுக்குத் தெரியாத தெருவா?"

அவளுக்குத் தெரியும். அந்தத் தெருக்களில்தான் பாடம் நடத்துகிறாள். ஒவ்வொரு தெருவையும் அங்கே நடந்த தப்பை வைத்து அடையாளம் வைத்திருந்தாள். வங்கிக்காரர் மின்கம்பத்தில் மோதிய தெரு. நர்ஸம்மா பின்னால் எடுத்துப் பூந்தொட்டிகளை நொறுக்கிய தெரு. பேராசிரியர் நடுவில் இறங்கி, இனி வாழ்நாளில் கார் வேண்டாம் என்று வீட்டுக்கு நடந்துபோன தெரு. இப்போது எல்லாம் ஒரே நிறத்தில் கிடந்தன. எது சாலை, எது சாக்கடை என்று மேலிருந்து தெரியவில்லை.

"ரைட்டுல எடுங்க. நடுவுலயே போங்க. ஓரம் போகாதீங்க."

"ம்."

"இங்க ஒரு ஸ்பீடு பிரேக்கர் இருக்கு. பத்தடியில."

வண்டி ஏறி இறங்கியது. இறங்கும்போது மறுபடி தயங்கியது. அவள் தன் காலைப் பார்த்தாள். இடது கால் பிரேக்கின் மேல் இருந்தது. பதினான்கு வருடமாகக் கிளட்சை மட்டும் மிதித்த கால். கிளட்சை அடி வரை மிதிக்க வேண்டும். மெதுவாக மிதிப்பது அந்தக் காலுக்குப் பழக்கமில்லை. காலை எடுத்துக் கீழே விரிப்பில் வைத்தாள்.

"ஒம்போது எட்டு."

பூங்காச் சுவரின் மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலையில் பிளாஸ்டிக் பை. பிளம்பர். முன்பு அவளிடம் பழகியவர்.

"அக்கா! இன்னைக்கு நீச்சல் கிளாஸா?"

"அச்சகத் தெரு எப்படிண்ணே இருக்கு?"

"முட்டி வரைக்கும் இருக்கு. இப்பத்தான் ஒரு வேன் தாண்டிப் போச்சு. ஒரு ஆட்டோ நடுவுலயே நிக்குது." அவர் ஓட்டுபவனைப் பார்த்தார். "சாரா ஓட்டறார்?"

"ஏன்?" என்றான் அவன்.

"ஒண்ணுமில்ல சார். சும்மா கேட்டேன். தைரியம் வேணும்ல."

அச்சகத் தெருவுக்கு முன்னால் அவன் வண்டியை நிறுத்தினான். இருநூறு மீட்டர் நீளம். நடுவில் பள்ளம். அந்தப் பக்கம் மேடு, பிறகு இறக்கம், அடியில் பள்ளிக்கூடம். வேறு வழி கிடையாது. இடது பக்கம் அச்சகத்தின் ஷட்டர் பாதி மூழ்கியிருந்தது. அதன் முன்னால் காகிதக் கட்டுகள் ஊறி மிதந்தன.

அவள் சொன்னாள். எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னாள்.

"முதல் கியர். ஆக்ஸிலேட்டர ஒரே அளவுல வைங்க. கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. கிளட்ச மிதிக்காதீங்க. என்ன வந்தாலும் நிறுத்தாதீங்க. நின்னா சைலன்சர் வழியாத் தண்ணி ஏறும். நின்னுபோச்சுன்னா திரும்ப ஸ்டார்ட் பண்ணக் கூடாது. உள்ள தண்ணி போயிருந்தா சாவியத் திருப்பின அந்த நிமிஷமே இன்ஜின் உடையும்."

"சரி."

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது. நீ காலை எடுத்துடு."

"எடுத்தாச்சு."

"ஒம்போது பதினாறு" என்றாள் மகள்.

அவன் வண்டியைத் தண்ணீருக்குள் இறக்கினான். தண்ணீர் முன்னால் விலகி இரண்டு பக்கமும் மடிந்தது. இன்ஜின் சத்தம் ஏறி ஓர் இடத்தில் நின்றது. அங்கிருந்து அசையவில்லை. அவள் காது கொடுத்துக் கேட்டாள். பழகுபவர்களின் கால் நடுங்கும், சத்தம் ஏறி இறங்கும். இந்தச் சத்தத்தில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. நாள் முழுக்கத் தையல் மெஷினின் மோட்டார் மிதியில் இருக்கிற கால். முப்பது அடி நீளத் துணியை ஒரே வேகத்தில் ஓட்டுகிற கால். அது அவளுக்கு இதுவரை தோன்றியதில்லை.

தண்ணீர் கதவின் பாதிக்கு வந்தது. காலடியில் விரிப்பு ஈரமானது. மகள் கால்களைத் தூக்கி இருக்கையில் வைத்துக்கொண்டாள். ஐம்பது மீட்டர். எண்பது. ஒரு மாடியிலிருந்து யாரோ கைபேசியில் படம் எடுத்தார்கள்.

வலது பக்கச் சந்திலிருந்து நீல நிறத்தில் ஏதோ வந்தது. தண்ணீர் பிடிக்கிற டிரம். காலி. உருண்டு மிதந்து நேராகக் காரின் முன்னால் வந்தது. மோதினால் டப்பென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அவன் ஸ்டீயரிங்கைத் திருப்பவில்லை. ஆக்ஸிலேட்டரைக் குறைக்கவில்லை.

வண்டி உதறி நின்றது. இன்ஜின் அணைந்தது.

டிரம் பானட்டில் லேசாக இடித்துவிட்டு இடது பக்கம் போயிற்று.

"ஏன் பிரேக் அடிச்சீங்க?" அவள் கத்தினாள். "நிறுத்தாதீங்கன்னு எத்தனை தடவ சொன்னேன்? ஒரு காலி டிரம்முக்குப் போய்..."

"நான் மிதிக்கல."

"பின்ன யாரு மிதிச்சா, பேயா?"

"அம்மா" என்றாள் மகள். "உன் கால்."

இடது கால் பிரேக்கின் மேல் இருந்தது. அடி வரை மிதித்திருந்தது. மிதித்தது அவளுக்குத் தெரியவில்லை. விரிப்பிலிருந்து எப்போது எடுத்தாள் என்றும் தெரியவில்லை. இப்போதும் அந்தக் கால் விறைத்துத்தான் நின்றது. கையால் முழங்காலைப் பிடித்து அதை எடுத்தாள்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீர் கதவுக்கு அடியில் கோடு போட்டு உள்ளே வந்தது.

"ஒம்போது இருபத்தொண்ணு." மகளின் குரல் தேய்ந்தது. "நான் இறங்கி நடந்துடறேன்."

"இறங்காத" என்றாள் அவள். "இந்தத் தெருவுல மூணு இடத்துல சாக்கடைக்கு மூடி இல்ல. தண்ணி இழுக்குது பாரு."

"அப்பா கையப் பிடிச்சுக்கறேன்."

"தொடையளவுத் தண்ணியில நூறு மீட்டர் போகவே அரை மணி ஆகும். அப்புறம் ஒண்ணரை கிலோமீட்டர். பத்துக்குள்ள முடியாது கண்ணு."

"அப்போ என்னதான் பண்ணச் சொல்ற?"

கணவன் சாவியில் கை வைத்தான். அவள் அந்தக் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம். உடையும்."

"உடையாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? பதினாலு வருஷமா நான் சொல்லிக்குடுக்கறேன். தண்ணியில நின்ன வண்டிய..."

"தண்ணியில நிக்கல. நீ நிறுத்தின." அவன் குரலை உயர்த்தவில்லை. "இருமி இருமி நின்னா தண்ணி போயிருக்கும். இது ஒரே வெட்டுல நின்னுச்சு. என் மெஷின்ல நூல் சிக்கினா ஒரு மாதிரி நிக்கும். கரண்டு போனா வேற மாதிரி நிக்கும். எனக்கு அந்த வித்தியாசம் தெரியும்."

"இது தையல் மெஷின் இல்ல."

"சரி. பார்த்துட்டே வர்றேன்."

கதவைத் திறந்தால் தண்ணீர் உள்ளே கொட்டும். அவன் கண்ணாடியை இறக்கி ஜன்னல் வழியாக வெளியே போனான். மெலிந்த உடம்பு. தலை, தோள், பிறகு செருப்பு இல்லாத கால்கள். தொடை வரை நனைந்து முன்னால் போனான். ஒவ்வோர் அடியையும் காலால் தடவிப் பார்த்து வைத்தான். பானட்டைத் தூக்கினான். அதற்குப் பிறகு அவன் தெரியவில்லை.

அம்மாவும் மகளும் தூக்கிய பானட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் வேணும்னு மிதிக்கல" என்றாள் அவள்.

"தெரியும்மா."

"உங்கப்பா மேல பழியப் போட்டுட்டேன்."

மகள் மணியைப் பார்த்தாள். "ஒம்போது இருபத்தாறு" என்றாள்.

பானட் விழுந்தது. அவன் ஜன்னலில் தலையை நீட்டினான். நான்கு விரலைச் சேர்த்து நீட்டிக் காட்டினான்.

"காத்து இழுக்கற குழாய்க்கும் தண்ணிக்கும் நாலு விரல் இருக்கு. ஃபில்டரத் திறந்து தொட்டுப் பார்த்தேன். காஞ்சு கிடக்கு."

"நாலு விரலா?"

"என் விரல். அளவு தப்பாது."

அவன் போன வழியே உள்ளே வந்தான். இருக்கையில் தண்ணீர் ஓடியது. சாவியைத் தொடவில்லை. ஸ்டீயரிங்கில் கை வைத்து முன்னால் பார்த்தபடி சொன்னான்.

"நீ பின்னாடி போ."

"என்ன?"

"பின் சீட்டுக்குப் போ. பாப்பா முன்னாடி வரட்டும்."

"நான் கால எடுத்துடறேன். சத்தியமா. மடிச்சு வச்சுக்கறேன்."

"காலையிலேருந்து மூணு தடவ எடுத்த."

பதினான்கு வருடத்தில் அவள் அந்தக் காரின் பின் இருக்கையில் உட்கார்ந்ததில்லை. அங்கே காத்திருக்கிற மாணவர்கள் உட்காருவார்கள். அவள் மகளைப் பார்த்தாள். மகள் ஏற்கெனவே உறையை வாயில் கவ்விக்கொண்டு ஓரமாக ஒதுங்கியிருந்தாள்.

கட்டுப் போட்ட காலைத்தான் முதலில் அனுப்ப வேண்டியிருந்தது. அது கியரில் மாட்டியது. பிறகு கணவனின் காதில் இடித்தது.

"ஐயோ."

"தலைய அந்தப் பக்கம் வைங்களேன்!"

"எங்க வைக்கறது? ஜன்னலுக்கு வெளியவா?"

"சிரிக்காதீங்கப்பா. அம்மா, குனி. இன்னும் குனி. நான் இழுக்கறேன்."

அவள் முதுகு மேலே உரச, பாதி கவிழ்ந்து பின்னால் விழுந்தாள். மகள் அவளைத் தாண்டி முன்னால் குதித்தாள். குதித்ததும் கால்களை மடித்துச் சம்மணம் போட்டுக்கொண்டாள். யாரும் சொல்லவில்லை.

"ஒம்போது முப்பத்தொண்ணு."

அவன் சாவியைத் திருப்பினான். இன்ஜின் முனகியது. பிடிக்கவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உடைகிற சத்தம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒருமுறை ஒரு மாணவனின் அப்பா தன் வண்டியில் அதைச் செய்தபோது அருகில் நின்றிருக்கிறாள். இரும்புக்குள் இரும்பு முறிகிற சத்தம். அதற்காகக் காத்திருந்தாள்.

அவன் மறுபடி திருப்பினான். முனகியது, உதறியது, பிடித்தது. அவன் உடனே காலை அழுத்தி சத்தத்தை உயர்த்தினான். பின்னால் தண்ணீர் கொப்பளித்தது. கிளட்சை விட்டான். வண்டி நகர்ந்தது.

சத்தம் அதே இடத்துக்கு வந்து நின்றது.

பின்னாலிருந்து அவளுக்குச் சாலை தெரியவில்லை. அவன் பிடரி தெரிந்தது. ஈரச் சட்டைக் காலர், அதில் குத்தியிருந்த இரண்டு குண்டூசி. மகளின் ஜடை. நடுவே துண்டாகக் கொஞ்சம் தண்ணீர். அவள் முன் இருக்கைகளின் தலையணையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். நடுவில் ஆட்டோ நின்றது. ஆள் இல்லை. அவன் அதை இடது பக்கமாகத் தாண்டப் பார்த்தான். அங்கேதான் இடம் அதிகம்.

"இடது வேண்டாம்" என்றாள். "மருந்துக்கடைக்கு எதிர்ல மூடி இல்ல."

அவன் கேள்வி கேட்கவில்லை. வலது பக்கம் திருப்பினான். சுவருக்கும் ஆட்டோவுக்கும் இடையில் ஒரு கார் போகும் இடம்தான். வலது கண்ணாடி சுவரில் உரசியது. மடங்கியது. சத்தம் குறையவில்லை. மகள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவைத் தாண்டினார்கள். தண்ணீர் கதவிலிருந்து இறங்கியது. சக்கரத்துக்கு வந்தது. பிறகு சாலை தெரிந்தது. கருப்பாக, ஈரமாக, திடமாக.

"ஒம்போது முப்பத்தஞ்சு!" மகள் கை தட்டினாள். "வந்துட்டோம்பா!"

"இன்னும் வரல" என்றான் அவன். ஆனால் சிரித்தான்.

மேட்டில் தண்ணீர் இல்லை. ஆனால் அங்கே ஊரே நின்றது. தண்ணீரிலிருந்து ஏற்றிவிட்ட வண்டிகள் இரண்டு பக்கமும் கிடந்தன. அவன் ஊர்ந்தான். ஒரு வேன் பின்னால் எடுக்கும் வரை காத்திருந்தான். ஐம்பது. ஐம்பத்து மூன்று. மகள் கதவின் பிடியில் கை வைத்திருந்தாள். ஐம்பத்து ஐந்தில் வழி கிடைத்தது. மேட்டைத் தாண்டி இறக்கத்துக்கு வந்தார்கள். கீழே பள்ளிக்கூடத்து கேட் தெரிந்தது. ஒரு கதவைச் சாத்தியிருந்தார்கள். இன்னொரு கதவைப் பிடித்துக்கொண்டு காவலாளி நின்றார். அவர் முன்னால் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் குடையோடு வரிசையில் நின்றார்கள்.

வண்டி இறங்கியது. இறக்கத்தில் வேகம் தானாகக் கூடியது.

அவன் பிரேக் போடுவான் என்று அவள் காத்திருந்தாள். கால்வாசி தூரம் போயிற்று. அவன் ஸ்டீயரிங்கைச் சரியாகத்தான் பிடித்திருந்தான். கேட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பாதி தூரம் போயிற்று. வேகம் குறையவில்லை.

இந்த இறக்கத்தில் அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவன் எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் வண்டி இந்த இடத்தில் மெதுவாகும். மெதுவாக்கியது யார் என்று அவள் யோசித்ததில்லை. இப்போது யோசித்தாள்.

"மிதிங்க!" என்றாள். "நீங்கதான் மிதிக்கணும்!"

அவன் தோள் தூக்கிப் போட்டது. மிதித்தான். வண்டி நிற்கவில்லை. ஈரத்தில் ஊறிய பிரேக் வழுக்கியது.

"பிடிக்கல. பிடிக்கலடி."

"ஈரம். மேல மேல அழுத்தாதீங்க. விட்டு மிதிங்க. விட்டு மிதிங்க. மறுபடியும்."

அவள் கை இரண்டு இருக்கைக்கும் நடுவில் கைபிரேக்குக்குப் போயிற்று. இறக்கத்தில், ஈரத்தில், அதை இழுத்தால் பின்பக்கம் சுழன்று வரிசையில் நிற்கும் பிள்ளைகள் மேல் போகும். அவள் கையை அதன்மேல் வைத்தாள். இழுக்கவில்லை.

"ஹாரன் அடி பாப்பா. நீங்க மிதிங்க. விடுங்க. மிதிங்க. அவ்வளவுதான். விடுங்க. மிதிங்க."

மகள் குறுக்கே சாய்ந்து ஹாரனை அழுத்திப் பிடித்தாள். குடைகள் திரும்பின. வரிசை சிதறியது. காவலாளி தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓடினார். நான்காவது மிதியில் பிரேக் கரகரவென்று பிடித்தது. ஐந்தாவதில் வண்டி நின்றது. கேட்டுக்கும் பானட்டுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கலாம்.

"எல் போர்டு வண்டிய இங்க எதுக்கு ஓட்டிட்டு வர்றீங்க!" காவலாளி ஸ்டூலை ஆட்டிக்கொண்டு கத்தினார். "பிள்ளைங்க நிக்கிற இடம்! கண்ணு தெரியலையா?"

மகள் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டாள். உறையிலிருந்த ரப்பர் பாண்டு வரவில்லை. பல்லால் கடித்து அறுத்தாள். ஹால் டிக்கெட்டை எடுத்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஓடு."

மகள் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். சிதறிய பிள்ளைகளும் பின்னாலேயே ஓடினார்கள். மைதானத்துச் சேற்றில் ஒருமுறை வழுக்கி, சமாளித்து, வராந்தாவில் ஏறினாள். பலகையில் ஒட்டியிருந்த தாளில் தன் அறை எண்ணைத் தேடி விரலை ஓட்டினாள். கீழே, மேலே, மறுபடி கீழே. பிறகு படியேறி மறைந்தாள்.

காவலாளி இரண்டாவது கதவையும் இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டார்.

கணவன் இன்ஜினை அணைத்தான். கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்கவில்லை. அவள் கையைக் கைபிரேக்கிலிருந்து எடுக்கவில்லை.

"நீங்க மிதிக்கவே இல்ல" என்றாள்.

"இல்ல."

"ஏன்?"

"நீ மிதிப்பேன்னு இருந்துட்டேன்."

"நான் பின்னாடில்ல இருக்கேன்."

"தெரியும். காலுக்குத் தெரியல."

அவள் கைபிரேக்கை இழுத்துவிட்டுச் சாய்ந்தாள். மழை கூரையில் விழுந்தது. லைசென்ஸுக்கு அவன் தோற்ற இரண்டு டெஸ்டிலும் இன்ஸ்பெக்டர் எழுதியது ஒரே வரி. நேரத்தில் பிரேக் போடவில்லை. அந்தத் தாள்களைக் காட்டித்தான் அவள் இத்தனை நாள் ஊரைச் சிரிக்க வைத்தாள்.

"அந்த டெஸ்டுலயும் இதேதானா?" என்று கேட்டாள்.

"இருக்கும்." அவன் கால்சட்டையின் நுனியை முறுக்கிப் பிழிந்தான். தண்ணீர் பெடல்களின் மேல் விழுந்தது. "உன் பக்கத்துல உட்கார்ந்து பழகினப்ப வண்டி தானா நின்னுச்சு. நல்லா ஓட்டுறேன்னு நெனச்சுக்கிட்டேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"எனக்கே இப்பத்தான் தெரியுது."

காவலாளி வந்து ஜன்னலைத் தட்டினார். கோபம் பாதி போயிருந்தது.

"பொண்ணு உள்ள போயிடுச்சுல்ல? வண்டிய எடுத்து ஓரமாப் போடுங்க. இன்னும் தண்ணி ஏறினா ஆம்புலன்ஸ் இந்த வழியாத்தான் வரணும்."

"எடுக்கறேன்" என்றான் அவன்.

சாவியைத் திருப்பினான். இந்தத் தடவை உடனே பிடித்தது. பின்னால் எடுக்க வேண்டும். அவன் திரும்பி, அவள் தோளுக்கு மேல் பின் கண்ணாடியைப் பார்த்தான். கண்ணாடி முழுக்க நீராவி. அவள் புடவைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். துடைத்துவிட்டு ஓரமாகச் சாய்ந்து அவனுக்கு இடம் விட்டாள்.

"ஏதாவது வருதா?" என்று கேட்டான்.

"நீங்களே பாருங்க."

உள்ளே மணி அடித்தது. மாடியில் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார்கள். இருவரும் அதைப் பார்த்தார்கள். கடைசி ஜன்னலையும் சாத்திய பிறகு அவன் ரிவர்ஸ் போட்டான்.